பலகைக்கு அடியில்

கூடத்தில் பெயர்த்துப் போட்ட தரைப்பலகைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் மேலே நீண்டது. முழங்கைவரை மண்ணும் மரத்தூளும் கிரீஸும். விரல்கள் ஸ்பானருக்காகத் துழாவின.

வீட்டுக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். வாசலில் குடையோடு நின்ற மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூலிக்காரனுக்கு நீங்களே எடுபிடியா? நல்லா இருக்கு சார் உங்க நிர்வாகம்!"

"பொண்ணு பார்க்க ஞாயித்துக்கிழமை வர்றதாத்தானே சொன்னீங்க?"

"சொல்லிட்டு வந்தா எல்லாத்தையும் மூடி மறைச்சிடுவீங்களே. அதான் முந்திக்கிட்டோம்."

பின்னால் நின்ற மனைவியும் மகனும் தலையாட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

வெளியே இழுத்துப் போட்டிருந்த குறுக்குக் கட்டையைக் குடைமுனையால் அவர் குத்தினார். அறுபது வருஷம் தரையைத் தாங்கிய கட்டை, ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது.

"உளுத்துப் போச்சே! மேல மட்டும் பாலிஷ். பரம்பரைக் குடும்பம்னு தரகர் அளந்தப்பவே நினைச்சேன்."

வீட்டுக்காரரின் முதுகு வளையவில்லை. "குளியலறைக் குழாய் சுவருக்குள்ள கசிஞ்சிருக்கு. கட்டையோட நுனி அதுலதான் போச்சு. மாத்திட்டு இருக்கோம்."

"அது போகட்டும். பொண்ணு எங்க?"

"வேலையா இருக்கா. முடிச்சதும் வருவா."

"ஏதோ கட்டடக் கம்பெனின்னாங்க. ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து பேப்பர் தள்ளற உத்தியோகம்தானே? கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் கிடையாது."

மகன் அதற்கும் தலையாட்டினான்.

வீட்டுக்கார அம்மா காபி கொண்டுவந்தார். முதல் டம்ளர் பள்ளத்துக்குள் போயிற்று.

"அவனுக்கா முதல்ல?" மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தார். "மரியாதை தெரியாத வீடா இருக்கே!"

"காலையிலேர்ந்து மல்லாந்தே கிடக்குது, பாவம்."

"விடுடி. இந்த ஓட்டை வீட்டுல பொண்ணு எடுக்கறதே நாம போடற பிச்சை." மாப்பிள்ளையின் அப்பா பள்ளத்தை நோக்கிக் குடையை ஆட்டினார். "ஏய், உள்ள யாருப்பா! நாளைக்கு நாங்க நடக்கப்போற தரை. ஒழுங்காச் செய். முதலாளி ஏமாளின்னா ஏய்ச்சிட்டுப் போற கூட்டம்தானே நீங்க!"

கீழே ஜாக்கி மூன்று முறை முனகியது. அமுங்கிக் கிடந்த தரை அங்குலம் அங்குலமாக எழுந்து மட்டத்துக்கு வந்தது. புதுக் கட்டையில் போல்ட் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

இரண்டு கைகள் விளிம்பைப் பிடித்தன. தூசி படிந்த உருவம் ஒன்று எம்பி மேலே வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஒரு காலால் ஓங்கித் தரையை மிதித்துப் பார்த்தது. அசையவில்லை.

போட்டோ பார்த்திருந்த மகனின் தலையாட்டல் சட்டென்று நின்றது.

"தரை இனிமே தாங்கும்ப்பா. இந்த மாப்பிள்ளைதான் எனக்கு வேண்டாம்."