பீரோ மேல் ரோபோ

ரோபோவின் பாதம் கடலுக்குள் இறங்கியபோது பீம்ராவுக்குத் தோன்றியது ஒன்றுதான். நெஞ்சுக்கூட்டுக்குள் உட்கார்ந்து இதை ஓட்டுகிற பெண், ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவாள்?

கேட்டும்விட்டார்.

"ஐயே, இன்னா நைனா நீ," என்று மகள் மாயா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொள்ளட்டும். துறைமுகத்து கிரேனில், பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்தபடி பெட்டி இறக்குகிறவருக்குத்தானே தெரியும். இறங்கி ஏறினால் அரைமணி போய்விடும். காலி பாட்டில்தான் கதி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ராத்திரி ஷிப்ட் முடித்து, எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்குள் பைக்கைத் திணித்து, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த மனுஷனைத் தூங்கவிடாமல், ஜப்பான்காரர்களின் பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றை லேப்டாப்பில் போட்டுவிட்டாள். அவள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்ததாம். முதல் பாகத்தையாவது பார் என்று ஒரே பிடிவாதம்.

பாய் மேல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். லேப்டாப் அவர் கால் இரண்டுக்கும் நடுவே தரையில் இருந்தது. கிரேனில் கீழே பார்க்கிற அதே வாகு. வசதியாகத்தான் இருந்தது.

படம் சுமார்தான். பதினைந்து வயசுப் பெண்ணை லைசென்ஸ் கேட்காமல் ஏற்றிவிட்டார்கள். கீழே நின்று சைகை காட்ட ஓர் ஆள் இல்லை. காற்று எவ்வளவு அடிக்கிறது என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. காலை எடுத்து வைத்தால் ஊரே நொறுங்குகிறது, திட்டுவதற்கு ஷிப்ட் இன்சார்ஜ்கூடக் கிடையாது. கொடுத்துவைத்தவள். இவ்வளவு நேரமும் காலையும் கையையுமே காட்டிக்கொண்டிருந்தார்கள். முழு உருவம் இன்னும் வரவில்லை.

கண் சொக்கியது. மனசு மட்டும் நாளைக் காலை பத்து மணியிலேயே நின்றது.

நாளைக்கு மெடிக்கல். கூட வேலை செய்கிற கமால் போன வாரமே போய்விட்டு வந்து சொன்னான். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தை மட்டும் தூக்கி மேலே விளக்கைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். முடியாவிட்டால் கூண்டு கிடையாது. கேட்டில் நின்று லாரிக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலைதான்.

பீம்ராவுக்கு அந்தக் கூண்டு வேண்டும். கீழே எவனெவனோ அவரை "டேய்" என்று கூப்பிட்டிருக்கிறான். மேலே ஏறிவிட்டால் ஒருத்தன் கூப்பிட முடியாது. வாக்கி டாக்கியில் "ஆபரேட்டர் சார்" என்றுதான் குரல் வரும்.

கழுத்து வலியைப் பற்றி வீட்டில் அவர் மூச்சுவிட்டதில்லை.

மாயா படத்தை நிறுத்தி லேப்டாப்பை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாள். சார்ஜர் ஒயர் எட்டவில்லையாம். கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் மேல். அப்புறம் பீரோ மேல்.

பீம்ராவ் இடுப்பை முன்னால் நகர்த்தி, முதுகைச் சுவரில் சரித்தார்.

"முதுக வளைக்காத நைனா. நிமிந்து குந்து. கழுத்த மட்டும் தூக்கு."

ஓ, அதுதானா சங்கதி. கமாலின் மகளும் இவளும் ஒரே காலேஜ் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எரிச்சல் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தைத் தூக்கினார். பிடரியில் ஆணி அடித்த மாதிரி வலி. பீரோ மேலே ரோபோ ஒருவழியாகக் கடலில் எழுந்து நின்றது. பாதம் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. கண்ணை எவ்வளவு உருட்டியும் பார்வை இடுப்பைத் தாண்டவில்லை.

சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள் மாயா.

"தெரியுதா நைனா? மூஞ்சி எப்டி கீது?"

"ஜோரா கீது," என்றார். "வீரமான மூஞ்சி. கண்ணு ரெண்டும் சோக்கா வெச்சிகீறான்."

அவள் லேப்டாப்பை இறக்கி, மறுபடியும் அவர் கால்களுக்கு நடுவே தரையில் வைத்தாள். ஒயர் இப்போது எட்டியது. இரண்டாம் பாகத்தைப் போட்டுவிட்டாள்.

தேறிவிட்டோம் என்றுதான் பீம்ராவ் நினைத்தார். பெற்ற பெண்ணையே ஏமாற்றியாயிற்று, டாக்டர் எம்மாத்திரம்? படம்கூட இப்போது கொஞ்சம் பிடித்திருந்தது.

ரோபோ கடலில் நின்ற அதே இடத்திலிருந்து கதை தொடங்கியது. தோள் வரைக்கும் இருந்தது. தோளுக்கு மேலே வெறும் வானம். தூரத்திலிருந்து ஒரு விமானம் பறந்து வந்து, இறக்கையை மடக்கிக்கொண்டு, இரண்டு தோளுக்கும் நடுவே இறங்கிப் பொருந்தியது. அதற்குக் கண் இருந்தது, வாய் இருந்தது.

முதல் பாகத்தில் ரோபோவுக்குத் தலையே இல்லை.

மாயா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது பீம்ராவுக்கு. பாதம் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பாயில் உட்கார்ந்தாள்.