எது தானாகத் திறக்க வேண்டும்?

"இதுல எது உங்களுக்கு லேசா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் ஒச்சம்மாள்.

தங்கதுரை அவளைச் சந்தேகமாக ஏற இறங்கப் பார்த்தார்.

கல்யாணமான நாள் முதல் மீன் வாங்கும்போது மத்தியா அயிலையா என்றுகூட அவரிடம் கேட்காத மனைவி. இன்று கணினி முன்னால் உட்காரவைத்து, சாயாவும் பழம்பொரியும் நீட்டி, அபிப்பிராயம் கேட்கிறாள்.

திரையில் பாட்டுக் கேட்க மூன்று மென்பொருள்கள். மூன்றும் இலவசம். பாட்டைத் தட்டியதும் எது தானாகத் திறக்க வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டுமாம்.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. மஸ்கட்டில் மகள் பிந்துவுக்குப் பிரசவம் நெருங்குகிறது. "உங்கப்பாவுக்கு ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்" என்று இவள் ஃபோனில் கிசுகிசுத்ததை அவரே கேட்டார்.

இந்தப் பெட்டியைப் பழக்கிவிட்டு, மாதக்கணக்கில் பறந்துவிடுவாள். அவரோ சாயா போட அடுப்பைப் பற்றவைத்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் ரகம்.

தனியாக விட்டுப்போக லாயக்கில்லாத ஆள் என்று நிரூபித்தே தீர வேண்டும்.

முதல் மென்பொருளில் ஒரே தட்டலில் பாட்டு வந்துவிட்டது. பதறிப்போய் நிறுத்தினார். எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய், "பாட்டு எந்த ஓட்டை வழியா வரும்?" என்று வயரைத் தடவினார்.

இரண்டாவதில் பாட்டுகள் வரிசைகட்டி நின்றன. "ஐயோ, இத்தனை பேரா!" என்று கொச்சியின் அந்தக் கோடியில் பள்ளுருத்தி வரை கேட்கும்படி அலறினார்.

மூன்றாவதற்குக் கண்ணாடியையே கழற்றி வைத்துவிட்டார்.

படம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, மகளை வீடியோவில் கூப்பிடுவது, எல்லாவற்றிலும் அமோகமாகத் தோற்றார். அப்படியொரு தோல்வியைக் கொச்சித் துறைமுகம் கண்டதில்லை.

ஒச்சம்மாள் திட்டவே இல்லை. அதுதான் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுக் கைப்பேசியில் ஏதோ தட்டினாள்.

வரமுடியாது என்று மகளுக்குத்தான் எழுதுகிறாள். அவர் மிச்சப் பழம்பொரியை நிம்மதியாகத் தின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாளவிகா என்றொரு பெண் வீடு தேடி வந்து, கணினியில் எதையோ புதிதாக ஏற்றினாள்.

"அங்கிளே, முதல்முதலா கம்ப்யூட்டர் தொடுறவங்களுக்கு நாங்க இலவசமா உண்டாக்குற சாஃப்ட்வேர் இது. ஒச்சம்மா சேச்சியும் எங்க குழுதான். நீங்க எங்கெல்லாம் மாட்டினீங்கன்னு சேச்சி ஃபோன்ல குறிச்சுத் தந்தாங்க, அதையெல்லாம் தூக்கிட்டோம். உங்களைத் தோற்கடிக்க இதுல இனி ஒண்ணும் பாக்கியில்லை, கேட்டோ!"

திரையில் இப்போது பெரிய பெரிய படங்கள் நாலைந்துதான். நடுவில் பிந்துவின் முகம்.

தங்கதுரை தீயைக் கண்டவர்போலப் பின்வாங்கினார். அந்த அவசரத்தில் விரல் பிந்துவின் முகத்தில் பட்டுவிட்டது.

மஸ்கட் உடனே எடுத்தது.

"அப்பா! நீங்களேவா கூப்பிட்டீங்க?" பிந்துவின் குரல் வீட்டை நிறைத்தது. "அம்மா, கேட்டியா? இனி என்ன, டிக்கெட்டை எடு!"