பத்து நொடி முன்னால்

காலை வானொலி நிகழ்ச்சியில் நேயர் பேசுவது உடனே ஒலிபரப்பாகாது. யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் வெட்டுவதற்காகப் பத்து நொடி தாமதித்துத்தான் அனுப்புவார்கள். வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்வதும் அதனால்தான். இல்லையென்றால் நம் குரலே பின்னால் வந்து நம்மைக் குழப்பும்.

இன்றைய கேள்வி, "வீட்டுக்காரர் தூங்கினதும் நீங்க செய்யற முதல் வேலை என்ன?"

ஒரு பெண் அவர் செல்போனை நோண்டுவேன் என்றாள். தொகுப்பாளன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த குரல் எனக்கு ரேடியோவுக்கு முன்பே கேட்டது. பக்கத்துப் போர்ஷன் சுகிர்தா. நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான்.

"கதவைத் தள்ளிப் பாப்பேங்க. பூட்டித்தான் இருக்கும். சாவி அவர் இடுப்புல. இது அவர் போன். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது உங்க நம்பர் மட்டுந்தான். விலாசம் சொல்றேன், யாரையாவது அனுப்புங்க..."

ரேடியோவில் "கதவைத் தள்ளிப் பாப்பேங்க" மட்டும் வந்தது. "திருடன் பயமா அக்கா? அச்சச்சோ, லைன் கட்!" என்று சிரித்துவிட்டுப் பாட்டுப் போட்டான்.

தடுப்புக்கு அப்பால் அவள், "ஹலோ, கேக்குதுங்களா?" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். பாட்டுச் சத்தத்தை மீறி அவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"நீங்க சொன்னது வெளிய போகலம்மா. நடுவுலயே வெட்டிட்டாங்க. ஆனா எனக்கு முழுசாக் கேட்டுச்சு."

அங்கே கட்டில் கிரீச்சிட்டது.

"அப்படிங்களா சார்?" என்றது தூக்கம் கலைந்த ஆண் குரல். "என்ன சொன்னா?"