வண்டி யார் பேரில்?

லோகநாதன் பின்கதவு வழியாக வண்டிக்குள் ஏறி, மல்லாந்து படுத்துவிட்டார்.

ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தனக்கோடிக்கு முகம் சுருங்கிப்போனது.

"இன்னாங்க இது? எழுந்து வாங்க. மானம் போவுது."

"கால் முட்டலை," என்றது உள்ளேயிருந்து குரல். "ஏன் சார், பின்னால நீட்டமா கீற இந்த எஸ்டேட் வண்டியில ரெண்டு கீதே, எது வேகம்?"

விற்பனையாளர் ஜெபராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "டீசல் நல்லா இழுக்கும் சார். ஆனா பெட்ரோல்தான் பறக்கும்."

"படப்பைலேர்ந்து குரோம்பேட்டைக்கு அரை மணியில போவணும். குலுங்கவும் கூடாது."

"அரை மணியில போயி இன்னா பண்ணப் போறீங்க? பந்தயமா வுடப் போறீங்க?" என்றாள் தனக்கோடி.

லோகநாதன் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பெட்ரோலே குடுங்க."

"சொந்தமாவா, லீஸா சார்?"

"லீஸ்."

ஜெபராஜுக்கே பொறுக்கவில்லை. "கையில ரொக்கம் வெச்சுக்கிட்டு யாரும் லீஸுக்கு எடுக்க மாட்டாங்க சார். எத்தனை வருஷம் கட்டினாலும் வண்டி உங்களுது ஆகாது. ஆர்.சி. புக்குல லீஸ் கம்பெனி பேருதான் இருக்கும்."

"என் பேரு வராதில்ல?"

"வராது சார்."

"அப்ப அதுதான் வேணும்."

தனக்கோடி அங்கேயே ஒரு பாட்டம் பேசித் தீர்த்தாள். லோகநாதனுக்கும் அவர் அண்ணனுக்கும் எட்டு வருஷம் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் வெயிலில் காய்ந்தவள் அவள். ஜெயித்து வந்த நிலத்தை விற்றாயிற்று. அந்த நிலத்துக்குப் பதிலாக, அழியாமல் ஏதோ ஒன்று வாசலில் சொந்தமாக நிற்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"ஊரான் பேர்ல வண்டி ஓட்டவா நிலத்தை வித்தோம்?"

லோகநாதன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. மாலை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. சொந்த வண்டியாக இருந்தால்தானே? திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டிரைவர் குப்பன் வந்து எடுத்துப் போவான். பத்தரைக்குக் கொண்டுவந்து விடுவான். மற்ற நாளில் அது வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கும்.

"எங்க போவுது வண்டி?"

"வேலையா போவுது."

"வாடகைக்கு வுட்டுட்டீங்களா? வாடகைக்கு எடுத்து வாடகைக்கு வுடறதா? கேட்டா சிரிப்பாங்க."

இரண்டு மாதம் பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, குப்பன் சாவியைப் போடுமுன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

குப்பன் லோகநாதனைப் பார்த்தான். "இன்னா சார் பண்றது?"

லோகநாதன் சற்று நின்றார். பிறகு அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். "டீக்கடையில எங்களை எறக்கி வுட்டுடு."

டீக்கடையில் இறங்கினார்கள். வண்டி இன்னும் பத்து வீடு தாண்டிப் போய், ஒரு பச்சை கேட்டின் முன்னால் நின்றது.

தனக்கோடிக்கு அந்த கேட்டைத் தெரியும். வழக்கு தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

"உங்க அண்ணன் வூட்டுக்கா?"

போன வருஷம் அரிகிருஷ்ணன் மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். காலும் விழுந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளும் பேசியிருக்கிறாள்.

"வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செஞ்சா கால் வரும்னுட்டாரு டாக்டர். உக்காந்து போவ முடியாது. படுத்தாலும் அரை மணிக்கு மேல வலி தாங்காது."

இரண்டு பேர் அரிகிருஷ்ணனைப் பலகையோடு தூக்கி வந்தார்கள். மனைவி அங்காளம்மாள் பின்னாலேயே வந்தாள். வண்டியருகே வந்ததும் பலகை நின்றது. குப்பன் ஒரு புத்தகத்தை விரித்து உரக்கப் படித்தான்.

"அவன் இன்னாத்தைப் படிக்கிறான்?"

"ஆர்.சி. புக்கு. ஒவ்வொரு தபாவும் படிச்சாத்தான் ஏறுவாரு." லோகநாதன் டீ கிளாஸைக் கையில் உருட்டினார். "தீர்ப்பு வந்த அன்னிக்கு குன்றத்தூர் மலையில சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாரே. தம்பி பேர்ல இருக்கற எதையும் தொட மாட்டேன்னு."

தனக்கோடி பச்சை கேட்டையே பார்த்தாள்.

"யாரு அனுப்பற வண்டின்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆஸ்பத்திரி வண்டின்னு சொல்லச் சொல்லிக்கீறேன்."

ஆஸ்பத்திரி வண்டிக்கு எதற்கு வாரம் மூன்று தரம் பேர் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் உருட்டிக்கொண்டிருந்த கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள்.

அரிகிருஷ்ணனை ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. இருவரும் சாலைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்கள். வண்டி தாண்டிப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றது. குப்பன் இறங்கி வந்து பின்கதவைத் தூக்கினான்.

"பெரியவரு தொறக்கச் சொன்னாரு."

முன்சீட்டில் அங்காளம்மாள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த அரிகிருஷ்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகநாதன் நின்ற இடத்திலேயே நின்றார்.

அரிகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை மெல்ல மடக்கினார். பிறகு இன்னொன்றை. கதவோரம் ஒரு ஆள் உட்கார இடம் ஆனது.