திருச்சி லைன்

“பெத்த பொண்ணைத் தனியா ரயிலேத்தி அனுப்பிட்டு, இங்க வந்து உட்கார எப்படித்தான் மனசு வருதோ!”

ரெஜினா பக்கத்துப் பெண்ணிடம்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஃப்ளோரன்ஸ் திரும்பவில்லை. காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் தூரத்துக் கடல் மாதிரி ஓயாத இரைச்சல்.

1942, ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிவிட்டது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. டெலிபோன் ஆபீஸில் பாதிப் பெண்கள் ஊரைப் பார்க்கப் போய்விட, கல்யாணமானதும் வேலையை விட்டு நின்ற பழைய ஆபரேட்டர்களுக்கெல்லாம் சர்க்கார் ஆள் அனுப்பியது.

வந்தவள் ஃப்ளோரன்ஸ் ஒருத்திதான். வராமல் என்ன செய்வாள்? புருஷன் ஆரோக்கியநாதன் ரங்கூனில் மாட்டிக்கொண்டான், ஜனவரிக்குப் பிறகு கடிதமே இல்லை. ஆறு வயசு ஜெசிந்தா திருச்சியில், மாமா பவுல்சாமி வீட்டில் இருக்கிறாள். அவர் போஸ்ட்மாஸ்டர். தபாலாபீஸும் டெலிபோன் போர்டும் முன்கட்டில், வீடு பின்கட்டில்.

பத்து வருஷம் கழித்து வந்தவளுக்குக் கை வேலையை மறக்கவில்லை, வாய்தான் மறந்திருந்தது. விளக்கு எரிந்தால் “நம்பர் ப்ளீஸ்” என்பதற்குப் பதில் “சொல்லுப்பா” என்று வந்துவிடும். கவுன் போட்ட சின்னப் பெண்கள் நடுவே சேலை கட்டியவள் அவள் ஒருத்தி. கான்வென்டில் படித்த அந்தப் பெண்கள், மடத்துத் தலைவியைச் சொல்வதுபோல, அவளுக்கு வைத்த பெயர் மதர் சுப்பீரியர்.

“மதர் சுப்பீரியர், உங்களை மிஸ் கூப்பிடுறாங்க,” என்றாள் ரெஜினா, அத்தனை மரியாதையாக.

மிஸ் என்றால் சூப்பர்வைசர் தேவானை. இருபது வருஷ சர்வீஸ். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“நேத்து மூணு மணிக்குத் திருச்சி லைன்ல பேசினது யாரு?”

ஃப்ளோரன்ஸ் மேஜை முன்னால் நின்றாள். “நான்தான், மிஸ்.”

“யார்கிட்ட?”

“என் பொண்ணுகிட்ட. மிலிட்டரி கால் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கலை. அரை நிமிஷம் இருக்கும்.”

“என்ன பேசினா?”

“அம்மா, குண்டு போட்டாச்சா, நீ செத்துட்டியான்னு கேட்டா, மிஸ்.”

தேவானை பேனாவை மூடினாள்.

“யுத்தத்துக்குன்னு வெச்சிருக்கிற லைன் அது. மேலிடத்துக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தெரியுமில்ல?”

“தெரியும், மிஸ்.”

“தெரிஞ்சே பண்ணியிருக்கே. போ, போய் சீட்ல உட்காரு.”

ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்தாள். இன்றோடு வேலை போனது. மாமன் வீட்டுச் சோற்றுக்கு இனிப் பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதைவிட, அந்தக் குரல் போனது.

வெயிலில் ஊர் கண்ணயர்ந்து கிடந்தது. போர்டில் மின்மினி மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைந்தது. பெங்களூர் கூப்பிட்டது, கோயம்புத்தூர் கூப்பிட்டது. யார் யாரோ அவள் காதுக்குள் வந்து யார் யாரையோ தேடிவிட்டுப் போனார்கள். அந்தக் குரல்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு படிக்கட்டில் ஜெசிந்தா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு டீ. பெண்கள் எழுந்தபோது தேவானை நடுவில் வந்து நின்றாள்.

“கேட்டுக்குங்க. திருச்சி லைன் சரியில்லை. இன்னிலேர்ந்து தினம் மூணு மணிக்கு அதை டெஸ்ட் பண்ணணும். ஃப்ளோரன்ஸ், நீ பண்ணு. உனக்கு டீ கிடையாது.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “காலைல நான் பேசினப்போ கணீர்னு கேட்டுச்சே, மிஸ்!”

“உன் காது வேற, என் காது வேற. போய் டீயைக் குடி.”

டெஸ்ட் என்றால் பெரிய வித்தை இல்லை. அந்த முனையில் ஒருவர் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும். இந்த முனையில் ஒவ்வொன்றும் காதில் விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். வேறு பேச்சுக் கூடாது.

அறை காலியானது. பின்னால் சூப்பர்வைசர் மேஜையில் தேவானை மட்டும், காதில் ஹெட்போனோடு.

தண்டனை என்றால் தண்டனை. ஃப்ளோரன்ஸ் பிளக்கைச் செருகினாள்.

“திருச்சி... டெஸ்ட்.”

“இதோ,” என்று பவுல்சாமியின் குரல். நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம். யாரோ ஏறி நிற்கும் சத்தம். அப்புறம், முன்பல் விழுந்த வாயிலிருந்து காற்றும் குரலுமாக:

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பிள்ளை ஓர் ஊர் தாண்டி வந்தது. அஞ்சில் விழுப்புரம். எட்டில் செங்கல்பட்டு. பத்தில் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தலையில் தேங்காயெண்ணெய் வாசம்.

“பதினாறு... பதினேழு... பத்தொன்பது... இருபது! சரியாச் சொன்னேனாம்மா?”

ஃப்ளோரன்ஸ் பிளக்கைப் பிடுங்கவில்லை.

பின்னாலிருந்து தேவானையின் குரல் வந்தது, அதே கறாராக.

“பதினெட்டு விழலை. லைன்ல கோளாறுதான். நாளைக்கும் டெஸ்ட் பண்ணு.”