இருபதடிப் பாதை

"என் மனை எங்கேண்ணே?"

நகராட்சி ஆபீஸ் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் தங்கை விரலை ஓட்டித் தேடினாள். அப்பா விட்டுப்போன நிலம்தான். இரண்டு பக்கமும் ஒன்றிலிருந்து பதினாலு வரை எண் போட்ட கட்டங்கள். அதில் ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை.

"நடுவுல பாரு பாப்பா, அதான் உன்னோடது" என்றார் பெரியண்ணன்.

நாற்பது வயதுப் பாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நீளமாக ஓடிய அந்தத் துண்டுக்கு எண்ணே இல்லை. 'இருபதடிப் பாதை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இது ரோடாச்சே!"

"நாங்க என்னம்மா பண்றது? ரோடு காட்டலைன்னா மனை பிரிக்க அனுமதி கிடையாதாம். சட்டம் அப்படி." சின்னண்ணன் கையை விரித்தார். விரித்த கையிலேயே பேனாவும் தயாராக இருந்தது.

நாலு மாதம் முன்பு பாகம் பிரித்தபோதே நல்ல இடத்தையெல்லாம் அண்ணன்மார் வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். தங்கைக்கு மிஞ்சியது இரண்டே இரண்டு. கடைக்கோடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம், இல்லாவிட்டால் நடுவே வால் மாதிரி நீளும் துண்டு. ஒரு நொடிகூடத் தயங்காமல் அவள் வாலைக் கேட்டு வாங்கி, தன் பெயரில் பத்திரமும் பதிந்துகொண்டாள்.

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அண்ணன்மார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பள்ளத்தையாவது மண்ணைக் கொட்டி மேடாக்கலாம், வாலில் யார் வீடு கட்டுவார்கள்?

"எனக்குன்னு ஒரு வீடு கட்ட நான் எங்கண்ணே போவேன்? ஒரு ரூம், தையல் மெஷின் போட ஒரு மூலை. அவ்வளவுதானே கேக்கறேன்? நானும் என் பொண்ணும் இன்னும் எத்தனை வருஷம் அந்த ஒத்தை ரூம்லயே முட்டிக்கிட்டுக் கிடக்கறது?" அவள் குரல் உடைந்தது. "பதினாலுல ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே."

"பதினாலுக்கும் ஆள் பேசி முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுமதி வாங்கிடறேன்னு எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்துட்டேன். நீ இப்ப வந்து கண்ணைக் கசக்காதே" என்றார் பெரியண்ணன். கூடப் பிறந்தவள் அழுகிறாளே என்கிற எண்ணம் முகத்தில் துளியாவது இருக்க வேண்டுமே!

தங்கை ஜன்னலோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழுகை நிற்கவில்லை. ஆனாலும் தையல்காரி கை சும்மா இருக்குமா? ஜன்னல் திரையில் தொங்கிய நூலை அறுத்தெறிந்து, மடிப்பைத் தடவிச் சரிசெய்தாள்.

எதிர்ச் சுவரில் ஒரு நீளமான அறிவிப்பு. மனை பிரிக்க என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் அது. பழுப்பேறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் அதன் மேல் சாய்ந்து நின்றார்களே தவிர, யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார். "மூலப்பத்திரம் இருக்கு. வில்லங்கச் சான்று இருக்கு. சர்வேயர் முத்திரை, வடக்கு அம்புக்குறி, மழைத்தண்ணி போற வழி... எல்லாம் சரி." நிமிர்ந்து பார்த்தார். "பாதைக்குத் தானப் பத்திரம் எங்க?"

"அது என்ன மேடம்?" என்றார் பெரியண்ணன்.

"ஒம்பதாவது ஐட்டம் சார். பாதைக்குக் காட்டின இடத்தை அதோட சொந்தக்காரங்க நகராட்சிக்குத் தானமா எழுதித் தரணும். அவங்களே நேர்ல வந்து, அவங்க இஷ்டப்பட்டு."

"எழுதித் தரலைன்னா?"

"ஒரு மனைகூடப் பாஸ் ஆகாது."

பெரியண்ணன் அப்போதுதான் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பதாவதாக அது இருந்தது, கொட்டை எழுத்தில்.

"சரி, பாதையை எங்க இடத்துலயே விட்டுக்கறோம்" என்று அவசரமாகச் சொன்னார் சின்னண்ணன்.

"தாராளமா விடுங்க. அஞ்சாறு மனை அதுல போயிடும். சர்வே, படம், கையெழுத்துன்னு எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எப்படியும் ஆறு மாசம்."

வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருந்தது. பெரியண்ணன் பெஞ்சுக்குப் போய்த் தங்கை பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

"பாப்பா, அண்ணன் சொன்னா கேப்பேல்ல? ஒரு கையெழுத்துதானேடா."

"போடறேண்ணே." அவள் எழுந்து மேசைக்கு வந்து வரைபடத்தில் விரலை வைத்தாள். தெருவைப் பார்த்த மூலை மனை, எண் ஒன்று. "இதை முதல்ல என் பேருக்கு எழுதிக் குடுங்க. அன்னிக்கே ரோட்டை எழுதித் தர்றேன்."

"அடிப்பாவி! அது முதல் மனையாச்சே!"

"ஆமாண்ணே. நீங்களா ஒண்ணு குடுப்பீங்கன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் பார்த்தேன்." கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பொய் அழுகை இல்லை அது.

அண்ணன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சின்னண்ணன்தான் கேட்டார். "உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லண்ணே. போன வருஷம் இந்த ஆபீஸ் திரையெல்லாம் நான்தான் தச்சேன், மூணு நாள் அந்தச் சுவருக்கு எதிர்ல உட்கார்ந்து."