அறுபதில் வரும் ஆட்டம்

உயரம் ஏற்றிப் பெரிய டயர் மாட்டிய ஜீப். ஸ்டீயரிங் ஆடுகிறது என்று என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தவனுக்கு என்னைத் தெரியவில்லை. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் இருந்தவனை யார் பார்ப்பார்கள்? சக்கரங்களின் அலைன்மென்ட் பார்த்தேன், சரியாக இருந்தது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மலைப்பாதையில் நானே ஓட்டினேன். முப்பதில் ஆட்டமில்லை. ஐம்பதிலும் இல்லை. அறுபதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையை உதறியது.

“இதேதான். வாங்குனதுலேருந்து அறுபதுக்கு மேலதான் ஆடுது.”

“முப்பதுல வந்தேன், ஸ்டீயரிங் ஆடி வளைவுல அந்தாளு மேல ஏறிடுச்சுன்னு கோர்ட்டுல சொன்னீங்களே?”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“அந்தாளு என் தம்பி,” என்றேன்.

அதே வளைவு எதிரே வந்தது. அவன் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் போங்க!” என்று கத்தினான்.

“முப்பதுலதானே போறோம்,” என்றேன்.